இன்னும் கால் சுற்று: தோட்டா மறுநிரப்பும் 'டை' குறித்து

ஏழு நூல் விட்டம், ஒரு விரல் உயரம், வெளியே மரை, உள்ளே கண்ணாடிபோல் மெருகேற்றிய குழிவு. லேத் பட்டறையில் வேலை பார்த்த யார் கையில் கொடுத்தாலும் உருட்டிப் பார்த்துவிட்டு 'டை' என்று சொல்லிவிடுவார். எதற்கான டை என்று கேட்டால்தான் முழிப்பார். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை அழுத்தி மறுபடியும் பழைய அளவுக்குக் கொண்டுவருகிற எஃகு அச்சு இது. அமெரிக்காவில் ஏராளமான பேர் வீட்டுக் கராஜிலோ நிலவறையிலோ மேஜைமேல் ஒரு பிரஸ்ஸை முடுக்கி வைத்துக்கொண்டு, இந்த டையைப் பொருத்தி, தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். அங்கே அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு. இங்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே நம்மில் அநேகமாக எல்லோருக்கும் இது கையாளுகிற கருவி அல்ல, வாசித்துப் பார்க்க வேண்டிய பிரதி.

இலக்கியமும் அரசியலும் பேசுகிற பத்திரிகையில் இதென்ன கூத்து என்று கேட்கலாம். துப்பாக்கி பற்றிய எந்த விவாதத்திலும் கடைசியில் வந்து நிற்கிற வாதம் ஒன்று உண்டு. கருவிக்குக் குணம் கிடையாது, பிடித்த கையைப் பொறுத்தது எல்லாம் என்பார்கள். இந்த வாதத்தோடு நேருக்கு நேர் மல்லுக்கட்டி அலுத்துப்போனவர்கள் உண்டு. ஆயுதத்தை விட்டுவிட்டு ஆயுதத்தின் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னக் கருவியை, அதுவும் அதைப் பயன்படுத்துபவர்களே எரிச்சல்படுகிற அதன் குறைபாடுகளை எடுத்துவைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. தன்னைப் பிடிக்கப்போகிற கை எப்படிப்பட்டது, தப்பு நடந்தால் யார் தலையில் அது விடியும் என்பதையெல்லாம் கருவி முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருப்பது அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி கக்கும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் செருகிய ஈயக்குண்டு. சுட்டதும் மருந்து எரிந்துபோகிறது, குண்டு போய்விடுகிறது, கேப்பு செத்துவிடுகிறது. மிச்சம் கூடு மட்டும்தான். விலை கூடிய பாகமும் பெரும்பாலும் அதுதான். வெடிப்பின் அழுத்தத்தில் அது பலூன் மாதிரி உப்பி, துப்பாக்கியின் அறைச்சுவரில் ஒட்டி, அந்த அறையின் வார்ப்பாகவே வெளியே வருகிறது. ரைபிள் கூட்டின் பாகங்களுக்கு வைத்திருக்கிற பெயர்களைக் கவனியுங்கள்: வாய், கழுத்து, தோள், உடல். தலை மட்டும் காலடியில் இருக்கிறது. கேப்பு உட்காரும் அடிப்பாகத்துக்குத்தான் தலை என்று பெயர். மனித உடலைத் தலைகீழாக நிறுத்திப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த உடலை நெம்புகோலின் பலத்தில் ஒரு குழிக்குள் தள்ளி 'ஒழுங்கான அளவுக்கு' மீட்பதுதான் டையின் வேலை. ஃபூக்கோவைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு இந்த இடத்தில் வாய் ஊறும். எனக்கும் ஊறியது. ஆனால் உருவகத்தை ஓரமாக வைத்துவிட்டுத் திருகாணியைப் பார்த்தால் இன்னும் நிறையக் கிடைக்கிறது.

ஏழு நூல், அதாவது 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. இருபதாம் நூற்றாண்டின் நடுவாக்கில் அமெரிக்க மறுநிரப்புக் கருவிகளில் நிலைபெற்றுவிட்ட அளவு இது. யாருடைய டையும் யாருடைய பிரஸ்ஸிலும் ஏறும். வாடிக்கையாளரைத் தன் தொழுவத்தில் கட்டிப்போடவே எல்லாக் கம்பெனியும் அலைகிற ஒரு தொழிலில் இப்படி ஒரு பொதுவழக்கு நிலைத்தது சும்மா இல்லை. தாத்தா வாங்கிய டை பேரன் வாங்கிய பிரஸ்ஸில் பொருந்துகிறது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்குலத்துக்கு 14 மரை என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு டை சுமார் 1.8 மில்லிமீட்டர் இறங்கும். கூட்டின் தோளை எவ்வளவு தள்ள வேண்டும்? கவனமாக வேலை செய்கிறவர்கள் குறிவைப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, மில்லிமீட்டரில் 0.05. நீங்கள் வாசிக்கிற இந்தத் தாளின் தடிமனில் ஏறத்தாழ பாதி. அதற்கு டையைத் திருக வேண்டிய கோணம் 10 பாகை. கடிகாரத்தில் நிமிட முள் ரெண்டு நிமிடத்தில் நகர்வதைவிடக் குறைவு. சாதாரண டையின் உடம்பில் இதை அளந்து திருக ஒரு கோடு, ஒரு எண், ஒரு அடையாளம் கிடையாது. கைப்பிடிக்கு ஏதுவாகச் சொரசொரப்பு மட்டும் வெட்டியிருப்பார்கள். கரிபூசிய பேனாவால் தானே கோடு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

போட்டாச்சா? இப்போது லாக் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது மரைகளுக்கு இடையிலுள்ள தளர்ச்சி விலகி, டை தன் இடத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்துவிடும். அரைமணி நேரம் பாடுபட்டுப் பிடித்த 10 பாகை போயே போச்சு. சில லாக் நட்டுகளில் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அது மரையையே கடித்துக் காயப்படுத்தும். அதற்குப் பழைய ஆட்கள் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள்: திருகுக்கு அடியில் ஒரு ஈயச் சில்லைப் போட்டு முடுக்கினால் ஈயம் நசுங்கி மரையைக் கடிக்காமல் பிடித்துக்கொள்ளும். வேறு சில நட்டுகளில் திருகே இல்லை, ஒரு ரப்பர் வளையம் உராய்வில் பிடித்துக்கொண்டிருக்கும். கழற்றி மாட்டும்போது கை பட்டால் அளவு போய்விடும். ரப்பர் வளையத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களும் உண்டு. டை தானே நடுவில் வந்து உட்கார அது இடம்கொடுக்கிறது என்பார்கள். இருக்கலாம். ஆனால் அளவை நினைவில் வைத்துக்கொள்ளாத கருவி, ஒவ்வொரு தடவையும் பயன்படுத்துபவனைப் புதிதாகப் பரீட்சை எழுத வைக்கிறது.

பொதுமொழி ஒன்று எல்லோருக்கும் கிடைத்தது. அந்த மொழியில் நுட்பமாகப் பேச முடியவில்லை. மரையை மாற்றினால் பொருத்தம் போய்விடும், மாற்றாவிட்டால் துல்லியம் போய்விடும். தரப்படுத்தல் பற்றி நாம் இங்கே எழுத்துச் சீர்திருத்தம், பாடநூல் தமிழ் என்று நடத்தியிருக்கிற சண்டைகளோடு இதற்கு ஒரு சொந்தம் இருப்பதாகப் படுகிறது. இழுத்து வைத்து நீட்ட விரும்பவில்லை.

அடுத்து, டையோடு வருகிற துண்டுத்தாள். கூட்டைப் பிடித்திருக்கும் பிடி வந்து இடிக்கும்வரை டையை இறக்கு, அதற்குமேல் இன்னும் கால் சுற்று திருகு என்கிற தோரணையில் அதில் எழுதியிருக்கும். டை போகக்கூடிய முழு ஆழத்துக்கும் கூட்டை நெரி என்பதுதான் இதன் பொருள். ஏன் முழு ஆழம்? 1926இல் அமெரிக்காவின் விளையாட்டுத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்கள் ஒரு தரநிர்ணயக் கழகத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். சுருக்கமாக 'சாமி' என்று உச்சரிக்கிறார்கள், நமக்குச் சிரிப்பு வரும். தோட்டா அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், துப்பாக்கியின் அறை குறைந்தபட்சம் எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்பதை இந்தக் கழகம் வெளியிடுகிறது. ஆக, சந்தையில் இருக்கிற ஆகச் சிறிய அறைக்குள்ளும் கூடு நுழைய வேண்டும். டை செய்கிறவர் மனதில் வைத்திருக்கிற துப்பாக்கி அந்த ஆகச் சிறிய அறையுள்ள துப்பாக்கி. வாங்கினவன் கையில் இருப்பதோ ஏதோ ஒரு துப்பாக்கி, அநேகமாகக் கொஞ்சம் பெரிய அறை. அவன் கூடு அவன் அறையின் அளவை ஏற்கனவே கச்சிதமாகக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறது. டை அதை அழித்துவிட்டு, எங்குமே இல்லாத ஒரு சராசரிக்கும் கீழான அளவுக்குத் தள்ளுகிறது. அடுத்த தடவை சுடும்போது கூடு மறுபடி நீள்கிறது. மறுபடி நெரிபடுகிறது. நீண்டு நெரிந்து நீண்டு நெரிந்து, தலைக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒரு வளையம்போலப் பித்தளை மெலிந்துகொண்டே வரும். வெளியே ஒரு பளபளப்பான கோடு தெரியும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் அந்த இடத்தில் கூடு ரெண்டாகப் பிய்ந்து, சூடான வாயு சுடுகிறவனின் முகத்துப் பக்கமாகத் திரும்பலாம்.

கம்பெனிக்காரர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. போதிய அளவு நெரிக்காத கூடு அறைக்குள் முழுசாகப் போகாது. துப்பாக்கி சரியாகப் பூட்டாமல் நிற்கிற ஆபத்து வேறு. ஆகவே பத்திரமான பக்கம் நிற்போம் என்று எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் பத்திரம் யாருக்கு? முதல் தடவை சுடும்போது எல்லாமே சரியாக நடக்கும் என்பது கம்பெனிக்குப் பத்திரம். ஐந்தாவது, ஆறாவது தடவை பிய்வது பயன்படுத்துபவனின் கவனக்குறைவாகிவிடுகிறது. துண்டுத்தாளின் நடையில் வக்கீலின் கையெழுத்து தெரிகிறது. பிரதிக்குள் உட்கார்ந்திருக்கும் 'உத்தேச வாசகர்' பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோமே, இந்தத் துண்டுத்தாளின் உத்தேச வாசகன் தன் சொந்தத் துப்பாக்கியைப் பற்றி எதுவுமே அறியாதவன். அவன் அறிந்துகொள்ளக்கூடும் என்பதற்குத் தாளில் இடமே விடப்படவில்லை. அறிந்தவர்கள் அந்தத் தாளை மீறித்தான் வேலை செய்கிறார்கள்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் ரிச்சர்ட் லீ என்பவர் கொண்டுவந்த கருவிக்குப் பிரஸ்ஸே வேண்டாம், சுத்தியலால் தட்டியே எல்லாவற்றையும் முடித்துவிடலாம். அது கழுத்தை மட்டும்தான் சுருக்கும், உடலைத் தொடாது. அதே துப்பாக்கியில் திரும்பச் சுடுவதற்கு மட்டும்தான் பயன்படும். உன் துப்பாக்கிக்கு உன் கூடு, அவ்வளவுதான் என்று ஒப்புக்கொள்கிற கருவி. மலிவானது, மெதுவானது, சத்தம் வேறு. இந்த வரிசையில் எனக்குக் கொஞ்சமாவது மரியாதை வருவது இதன்மேல்தான்.

ஒரே டைக்குள் மூணு வேலையைத் திணித்ததைப் பற்றி ரெண்டு வார்த்தை. உதாரணத்துக்கு 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .30-06 தோட்டா. அதன் கூடு உள்ளே போகும்போது நடுவிலுள்ள மெல்லிய பின் செத்த கேப்பைத் தள்ளுகிறது, டையின் சுவர் உடலையும் கழுத்தையும் நெரிக்கிறது, வெளியே இழுக்கும்போது ஒரு எஃகு உருண்டை கழுத்துக்குள்ளிருந்து மேலேறி அதை மறுபடி விரிக்கிறது. குண்டின் விட்டம் 0.308 அங்குலம். உருண்டை அதைவிட ஆயிரத்தில் ஓரிரு பங்கு சிறிசு. கழுத்தின் பித்தளை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சரியாக வர வேண்டும் என்பதற்காக டை தேவைக்கு மீறி நெரிக்கிறது; பிறகு உருண்டை தேவைக்கு மீறி நெரிந்ததைக் கதறக் கதற விரிக்கிறது. கதறல் என்பது உருவகம் இல்லை, நிஜமாகவே கீச்சென்று சத்தம் வரும். கழுத்து கோணிக்கொள்கிறது. குண்டைச் செருகும் இரண்டாவது டையிலும் இதே கதைதான். குண்டை உள்ளே தள்ளுகிற அதே அசைவில் கூட்டின் வாயை உள்நோக்கி மடக்கவும் செய்கிறது. வாய் மூடிக்கொண்டிருக்கும்போதே குண்டு இறங்கிக்கொண்டிருந்தால் தோள் புடைக்காமல் என்ன செய்யும்? இதற்கெல்லாம் தீர்வு கிடைக்கிறது, அதே கம்பெனிகளிடம், தனித்தனி டையாக: கேப்பு தள்ள ஒன்று, கழுத்துக்கு மாற்று வளையங்களோடு ஒன்று, வாய் மடக்க ஒன்று, அளவுக்கோடு பொறித்த உயர்ரக டை ஒன்று. வேலைகளைச் சேர்த்ததால் வந்த குறையைப் பிரித்து விற்கிறார்கள். எண்ணும் கோடும் காசுள்ளவனுக்கு.

அந்தப் பின்னை வைத்தே ஒரு பெரிய வரலாற்றைச் சொல்லிவிடலாம். கேப்பில் ரெண்டு சாதி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிசுடும் படைக்குத் தலைமை தாங்கிய ஹைரம் பெர்டன் 1866இல் ஒன்றைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் வுல்விச் ராணுவத் தொழிலகத்தில் இருந்த எட்வர்ட் பாக்சர் அதே வாக்கில் இன்னொன்றைக் கொண்டுவந்தார். பாக்சர் முறையில் கூட்டின் அடியில் நட்டநடுவே ஒரே ஓட்டை. உள்ளிருந்து பின் இறங்கிக் கேப்பைத் தள்ளிவிடும். பெர்டன் முறையில் நடுவில் பட்டடைபோல ஒரு மேடு, பக்கத்தில் ரெண்டு குட்டி ஓட்டை. பின் மேட்டில் முட்டி முறியும். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயன் முறை அமெரிக்காவில் வழக்கானது, அமெரிக்கன் முறை ஐரோப்பாவில் பரவியது. விளைவு வேடிக்கை இல்லை. கூடு மறுபடி உயிர்பெறுமா, பழைய பித்தளைக்கடைக்குப் போகுமா என்பதை ஒரு ஓட்டையின் இருப்பிடம் தீர்மானித்துவிட்டது. அமெரிக்க மறுநிரப்புப் பண்பாடே அந்த நடு ஓட்டையின்மேல் நிற்கிறது.

பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 தோட்டாவுக்குப் பெர்டன்தான். அதில் கார்டைட் என்கிற மருந்து நூலிழைகளாக இருக்கும். கூட்டுக்குக் கழுத்தை உருவாக்குவதற்கு முன்பே அந்த இழைகளை உள்ளே வைத்துவிட்டு அப்புறம்தான் கழுத்தைச் சுருக்குவார்கள். பாட்டிலுக்குள் கப்பல் செய்கிற மாதிரி. வீட்டில் உட்கார்ந்து யாரும் அதை அப்படியே திரும்பச் செய்துவிட முடியாது. காலனியை மனதில் வைத்துத்தான் இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அது தொழிற்சாலை வசதி. காலனியை மனதில் வைத்தே செய்ததற்கு வேறு சான்று உண்டு. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று உள்வரி இல்லாத மழமழப்பான குழாயோடு துப்பாக்கி தயாரித்தார்கள். வெள்ளைப் படை மார்ட்டினி-ஹென்றிக்கு மாறியபோது சிப்பாய்க்குப் பழைய ஸ்நைடரைக் கொடுத்தார்கள். எப்போதும் ஒரு தலைமுறை பின்னால். நம்பிக்கையின்மையை அங்கே குழாயிலேயே கடைந்து வைத்திருந்தார்கள்.

சரி, கராஜுக்குத் திரும்புவோம். மறுநிரப்புகிறவரின் கதையாடல் சுயசார்பு பற்றியது. கம்பெனியை நம்பவேண்டாம், அரசை நம்பவேண்டாம், என் தோட்டா என் கையால். இந்தக் கதைக்கு ஒரு தோற்றப் புராணமும் இருக்கிறது. 1943இல், யுத்தப் பஞ்சத்தில் குண்டு கிடைக்காத நேரம், கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃபிரெட் ஹண்டிங்டன் என்பவர் சுட்டுப்போட்ட சின்னத் தோட்டாக்களின் கூடுகளை எடுத்து, குண்டுக்கு மேலுறையாக அழுத்துகிற ஒரு டை செய்தார். மலையணில் இனத்தைச் சேர்ந்த மார்மட்டை வேட்டையாடத்தான் அந்தக் குண்டு. அந்தப் பிராணியின் வட்டாரப் பெயரையும் கருவியின் பெயரையும் சேர்த்த முதலெழுத்துகள்தான் ஆர்சிபிஎஸ் என்கிற பிரபல முத்திரை. குப்பையிலிருந்து பொருள் செய்த கைவினைஞன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் வீட்டுமேஜைக்கு வருவதற்கு முன்னால் தோட்டா கட்டுவது யாருடைய வேலையாக இருந்தது? 1862 செப்டம்பர் 17 அன்று பிட்ஸ்பர்க் அருகே அலெகெனி ராணுவக் கிடங்கு வெடித்து 78 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். 1864 ஜூன் 17 அன்று வாஷிங்டன் கிடங்கில் 21 பெண்கள். கண்காணிப்பாளர் வெளியே வெயிலில் காயவைத்திருந்த சமிக்ஞை வெடிகள் பற்றிக்கொண்டு, பெண்கள் தோட்டா கட்டிக்கொண்டிருந்த அறைக்குள் தீ பாய்ந்தது. சவ அடக்கத்துக்கு லிங்கன் வந்தார். சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. கூலிக்குச் செய்தபோது பெண் செத்த வேலை, ஆண் ஓய்வுநேரத்தில் செய்யும்போது சுதந்திரமாகிவிட்டது. மறுநிரப்பு பற்றிய கையேடுகள் தொழிலின் வரலாறு என்று கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும். இந்தப் பெண்கள் அந்த வரிசையில் வருவதில்லை.

சுயசார்பும் கேப்பு இருக்கிறவரைதான். குண்டை வீட்டில் ஈயம் உருக்கி வார்க்கலாம், கூடு திரும்பத் திரும்ப வரும். கேப்பு தொழிற்சாலையிலிருந்துதான் வர வேண்டும். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, சட்டம் இறுகிவிடும் என்ற பயத்தில் வாங்கிக் குவித்தார்கள். 2013இல் கடைகளில் அலமாரி காலி. குழந்தைகள் செத்ததற்கு அந்தச் சந்தை காட்டிய எதிர்வினை அது. 2020இலும் 2021இலும் மறுபடி அதே பஞ்சம். டையும் பிரஸ்ஸும் மினுக்கிக்கொண்டு மேஜைமேல் சும்மா கிடந்தன. 2020இல் ரெமிங்டன் திவாலாகி அதன் தோட்டாத் தொழில் விஸ்டா என்ற நிறுவனத்துக்குப் போனது. ஃபெடரல், சிசிஐ ஏற்கனவே அங்கேதான் இருந்தன. 2024 நவம்பரில் அந்தத் தோட்டாத் தொழில் மொத்தமும் செக் குடியரசின் செக்கோஸ்லோவாக் குரூப்பின் கைக்கு மாறியது. என் தோட்டா என் கையால் என்கிறவரின் கேப்புப் பெட்டிக்கு முதலாளி இப்போது ஐரோப்பாவில் இருக்கிறார்.

பின் தள்ளிய செத்த கேப்பு எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழக்கமான கேப்பில் இருப்பது ஈய ஸ்டிஃப்னேட். சுட்ட பிறகு கேப்பிலும் கூட்டுக்குள்ளும் ஈயம் கலந்த சாம்பல் மிஞ்சும். பல பிரஸ்களில் பின் தள்ளியதும் கேப்பு தெறித்து மேஜைமேலும் தரையிலும் உருள்கிறது. சாம்பல் பிரஸ்ஸின் தண்டில் படிந்து அதையும் தேய்க்கிறது, கையிலும் ஒட்டுகிறது. அந்தக் கையோடுதான் மனிதர் சாப்பிடப் போகிறார், குழந்தையைத் தூக்குகிறார். கேப்பை ஒரு குழாய்வழியாக நேராகப் புட்டிக்குள் இறக்குகிற பிரஸ்களும் இருக்கின்றன. செய்ய முடியாத காரியம் இல்லை. தொழிற்சாலை என்றால் ஈயத்தூசிக்குச் சட்டம் உண்டு, ரத்தப் பரிசோதனை உண்டு. கராஜில் அவரே முதலாளி, அவரே கூலி, அவரே தொழிற்சாலை ஆய்வாளர். கையைக் கழுவிக்கொள் என்று துண்டுத்தாளில் ஒரு வரி இருக்கும்.

வேலை முடிந்தது. 10 பாகையைப் பிடித்து, ஈயச்சில் வைத்து, லாக் நட்டையும் இறுக்கி, டையை நட்டோடு சேர்த்து அப்படியே கழற்றினால் அடுத்த முறை அளவு மாறாமல் மாட்டலாம். கழற்றி, அது வந்த பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடப் பார்த்தால், சில பெட்டிகளில் மூடி இறங்காது. கம்பெனியிலிருந்து வந்தபோது நட்டு இருந்த உயரத்துக்கும் பின் நீட்டிக்கொண்டிருந்த அளவுக்கும்தான் பெட்டியைச் செய்திருக்கிறார்கள். மூடவேண்டுமானால் பிடித்து வைத்த அளவைத் திருப்பித் திருகிக் கலைக்க வேண்டும். பலர் அந்த மூடிக்குமேல் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்திருக்கிறார்கள்.